எட்டு மணிக்கு மட்டும் தொலையும் செயற்கைக்கோள்

போன மார்ச் மாதம் இரவு எட்டு மணி ஆனால் போதும், என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த நாவிக் செயற்கைக்கோள்கள் எல்லாம் கையை விட்டுப் போய்விடும். அரை நிமிடம் கழித்துத் திரும்ப வரும், மறுபடி போகும். எட்டரை மணிக்கெல்லாம் சரியாகிவிடும். ஒரு வாரம் பார்த்தேன், அதே கதை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. நாம் இருக்கும் இந்தத் தென்னிந்தியப் பகுதி பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். அந்தக் கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது. சூரியன் மறைந்த பிறகு இங்கே அயனி மண்டலத்தில் குமிழ்கள் கிளம்பும். அந்தக் குமிழ்களைத் தாண்டி வரும் செயற்கைக்கோள் சிக்னல், நட்சத்திரம் மினுங்குவது மாதிரி ஏறி இறங்கும். இதற்குச் சின்டிலேஷன் என்று பெயர். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, இரவு ஏழரையிலிருந்து நள்ளிரவுக்குள் அதிகம் வரும். அம்பத்தூர் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனாவும் சில ஆயிரம் ரூபாய் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் வைத்துக்கொண்டு அதைப் பதிவு செய்ய முடியுமா என்பதுதான் என் சின்ன ஆராய்ச்சி. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சந்தேகம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாச் செயற்கைக்கோள்களின் வரைபடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாமே ஒரே கணத்தில், ஒரே அளவு குதித்திருந்தன. ஒன்று மேற்கே சாய்வாக இருக்கிறது, இன்னொன்று கிழக்கே இருக்கிறது. ஒரு குமிழ் இரண்டையும் ஒரே மில்லிநொடியில் எப்படி மறைக்கும்? மறைக்காது. குதித்தது வானம் இல்லை, என் கணினி. வீட்டில் எட்டு மணிக்கு போட்டோக்களை எல்லாம் பேக்கப் எடுக்க நான்தான் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அந்த பேக்கப் போகும் அதே வெளி ஹார்ட் டிஸ்கில்தான் ரேடியோ சாம்பிள்களும் எழுதப்பட்டுக் கொண்டிருந்தன.

ஒரு வாரத்து டேட்டா குப்பை. அதைவிட வருத்தம், அது குப்பை என்று டாங்கிள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதிலிருந்துதான் ரேடியோவுக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கம்பியைப் பற்றி ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். குறைந்த செலவில் எஸ்டிஆர் வாங்கவோ செய்யவோ நினைப்பவர்கள் எல்லோரும் ட்யூனரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த இன்டர்ஃபேஸ் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கணக்கு. எஸ்டிஆர் என்பது ஆன்டெனாவில் வரும் சிக்னலை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. மீதி வேலை எல்லாம் மென்பொருள். நொடிக்கு எத்தனை சாம்பிள், ஒரு சாம்பிளுக்கு எத்தனை பைட், இரண்டையும் பெருக்கினால் கம்பி தாங்க வேண்டிய சுமை வந்துவிடும். ஐ, க்யூ என்று ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு எண்கள் உண்டு, அதை மறக்கக் கூடாது. சென்னை எஃப்எம்மை எடுத்துக்குவோம். 90.4-இல் அண்ணா எஃப்எம், 91.1-இல் ரேடியோ சிட்டி, 93.5-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 101.4-இல் ரெயின்போ, 106.4-இல் ஹலோ. இதில் ஒரே ஒரு நிலையம் வேண்டுமென்றால் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பதிவு செய்ய வேண்டுமென்றால் 88-இலிருந்து 108 வரை 20 மெகாஹெர்ட்ஸ். ஹேக்ஆர்எஃப் இதைச் செய்யும்: நொடிக்கு 2 கோடி சாம்பிள், ஐ-க்கு ஒரு பைட், க்யூ-வுக்கு ஒரு பைட், ஆக நொடிக்கு 40 மெகாபைட். ஹேக்ஆர்எஃப் ஏன் 20-இல் நின்றது, ஏன் 8 பிட்டோடு நின்றது என்பதற்கு இந்த 40-தான் பதில். அது யூஎஸ்பி 2.0.

யூஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட் என்று பெட்டியில் போட்டிருக்கும். உண்மை அதைவிடக் குறைவு. யூஎஸ்பி ஒரு நொடியை 125 மைக்ரோநொடித் துண்டுகளாக, 8000 துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டுக்குள் 512 பைட் கொண்ட பல்க் பாக்கெட் அதிகபட்சம் 13 தான் அடங்கும். பெருக்கினால் 53.2 மெகாபைட். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் 35-இலிருந்து 40 கிடைத்தால் நல்ல கணினி என்று அர்த்தம். எஸ்டிஆர் உலகின் முன்னோடியான யூஎஸ்ஆர்பி-யின் முதல் மாடலில் ஏடிசி 64 மெகா சாம்பிள் எடுக்கும். ஆனால் கணினிக்கு வந்தது 16 பிட்டில் 8 மெகா சாம்பிள், நொடிக்கு 32 மெகாபைட்தான். தொட்டி பெரிசு, குழாய் சின்னது.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் விஷயம் வேறு. அது டிவி பார்ப்பதற்காகச் செய்த டாங்கிள். உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப்பிலிருந்து பச்சை சாம்பிள்களை அப்படியே வெளியே எடுக்கலாம் என்று 2012-இல் தெரியவந்து, ஆஸ்மோகாம் குழுவினர் மென்பொருள் எழுதினார்கள். அது 2.4 மெகா சாம்பிளுக்கு மேல் நம்பகமாகப் போகாது, நொடிக்கு 4.8 மெகாபைட். யூஎஸ்பி 2.0-இன் காகிதக் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் என் டேட்டா தொலைந்ததே, ஏன்?

வேகம் வேறு, நேரத்துக்குக் கிடைப்பது வேறு. பல்க் முறையில் அனுப்பினால் பாக்கெட் கெட்டுப்போனாலும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், கம்பியில் எதுவும் தொலையாது. ஆனால் எப்போது வாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஐசோக்ரோனஸ் முறை இதற்கு நேர் எதிர்: நேரம் ஒதுக்கித் தரும், கெட்டுப்போனால் போனதுதான். பால்காரர் தினமும் ஆறு மணிக்கு வருவார், நீங்கள் பாத்திரத்தோடு நிற்கவில்லை என்றால் பால் தரையில். ரேடியோவும் அதே பால்காரர்தான். வானத்திலிருந்து வரும் சாம்பிளை 'கொஞ்சம் இரு' என்று சொல்லி நிறுத்த முடியாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து ஃபைல் காப்பி செய்யும்போது பத்து மில்லிநொடி தாமதம் யாருக்கும் தெரியாது. இங்கே அது ஓட்டை.

அந்தத் தாமதத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் பாத்திரங்கள். சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப்பில் மொத்தமே 4 கிலோபைட். நொடிக்கு 20 மெகாபைட் ஓடினால் அது 0.2 மில்லிநொடிக்குத்தான் காணும். இரண்டு யூஎஸ்பி துண்டுகூட இல்லை. பிறகு எப்படி வேலை செய்கிறது என்றால், 'அடுத்து வருவதை இங்கே போடு, அதற்கடுத்ததை இங்கே போடு' என்று கணினியின் மெமரியில் பல இடங்களை முன்கூட்டியே வரிசையாக ஒதுக்கி வைத்துவிடுகிறோம். சிபியு வேறு வேலையில் இருந்தாலும் யூஎஸ்பி கன்ட்ரோலர் தானே நிரப்பிக்கொண்டு போகும். இந்த வரிசைதான் உண்மையான பாத்திரம். ஆர்டிஎல் மென்பொருள் சாதாரணமாக 256 கிலோபைட் வீதம் 15 இடங்களை ஒதுக்கும். 4 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 4.8-ஆல் வகுத்தால் 0.8 நொடி. நம் நிரல் நிரம்பிய பாத்திரத்தைக் காலி செய்து 0.8 நொடிக்குள் திருப்பித் தராவிட்டால் வழிந்துவிடும். பேக்கப் நடக்கும்போது என் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி, ஒன்றரை நொடி என்று மூச்சுப் பிடித்து நின்றது. அதுதான் நடந்தது.

உடனடி வைத்தியம் எளிது. ஒதுக்கும் இடங்களை அதிகமாக்கு, யூஎஸ்பி-யிலிருந்து எடுக்கும் த்ரெட்டையும் டிஸ்கில் எழுதும் த்ரெட்டையும் தனித்தனியாக வை, பேக்கப்பை விடியற்காலைக்கு மாற்று. லினக்ஸில் இப்படி ஒதுக்குவதற்கு யூஎஸ்பிஎஃப்எஸ் வழக்கமாக 16 மெகாபைட் வரைதான் விடும், அதையும் ஏற்றிக்கொள்ளலாம். செய்தேன். எட்டு மணிப் பிரச்சினை போயிற்று.

ஆனால் மனசு ஆறவில்லை. இனிமேல் தொலையவே தொலையாது என்று எப்படிச் சொல்வது? ஆர்டிஎல் டாங்கிளில் சாம்பிளுக்கு எண் கிடையாது. 'ஆர்டிஎல்_டெஸ்ட்' என்று ஒரு சோதனை இருக்கிறது. அப்போது மட்டும் சிப் ரேடியோவுக்குப் பதிலாக 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டே அனுப்பும், இடையில் விட்டுப்போனால் தெரிந்துவிடும். உண்மையான சிக்னல் வரும்போது அந்த வசதி இல்லை. பரீட்சையில் மட்டும் ஒழுங்காக இருக்கும் பையனை நம்பி எவ்வளவு தூரம் போவது? ஆகவே எனக்கு வேண்டிய இன்டர்ஃபேஸின் முதல் தகுதி வேகம் அல்ல, தொலைத்தால் தொலைத்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தில் ஈதர்நெட் ரேடியோக்கள் யோக்கியம். ஹெர்மஸ் லைட் 2-இல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் வருகிறது. யூடிபி பாக்கெட் தொலையலாம், ஆனால் தொலைந்தது அடுத்த பாக்கெட்டிலேயே தெரியும், எத்தனை என்றும் தெரியும். இன்னும் இரண்டு லாபம். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர்தான்; ஈதர்நெட் 100 மீட்டர். மொட்டை மாடியில் பெட்டியை வைத்துவிட்டுக் கீழே ஹாலில் உட்காரலாம். ஈதர்நெட் ஜாக்குக்குள் இருக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்கள் 1500 வோல்ட் வரை இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் என்பதால் கணினியின் எர்த் இரைச்சல் ரேடியோவுக்கு ஏறாது. ஐப்பசி மாத இடிக்கு இது பாதுகாப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், இடி 1500 வோல்ட்டில் நிற்காது. மழை வந்தால் கழற்றி வைப்பதுதான் என் வழக்கம்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஆவடியில் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பி இருக்கிறது. சென்னை 'ஏ' என்று நாம் கேட்கும் 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். என் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். ஆர்டிஎல் டாங்கிளை டைரக்ட் சாம்பிளிங்கில் போட்டு மத்திய அலை கேட்கப் பார்த்தால் 720 எல்லா இடத்திலும் கேட்கும். வாசலில் நாதஸ்வரம் வாசிக்கும்போது உள்ளே யாரோ முணுமுணுப்பதைக் கேட்பது போல. 8 பிட் ஏடிசி-க்குச் சுமார் 50 டெசிபல் இடைவெளிதான் உண்டு. 12 பிட் என்றால் 74. ஹெர்மஸ் லைட் 2-இல் இருப்பது 12 பிட், 76.8 மெகா சாம்பிள். அதை அப்படியே கணினிக்கு அனுப்பினால் யூஎஸ்பி 2.0 கம்பி தாங்காது. அதனால் பெட்டிக்குள்ளேயே எஃப்பிஜிஏ வேண்டிய துண்டை மட்டும் வடிகட்டி, அதிகபட்சம் 384 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, 24 பிட்டில் அனுப்புகிறது. ஒரு ரிசீவருக்கு நொடிக்கு 2.3 மெகாபைட். 76.8 மெகா சாம்பிளை 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வடிகட்டும்போது இன்னும் 36 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், 24 பிட் அதற்காகத்தான். அதாவது பிட் அதிகம், அகலம் குறைவு. நல்ல இரைச்சல் குறைந்த ரேடியோவுக்குப் பெரிய குழாய் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றைக்குப் போயிற்று.

வேலையை ஆன்டெனா பக்கம் தள்ளினால் குழாய் சின்னதாகிவிடும் என்பது பெரிய இடங்களிலும் அதே கதைதான். ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் புதுப்பித்தபோது, ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே எண்களாக்கி ஒளியிழையில் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை. விமானங்களின் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பூந்தமல்லிப் பக்கம் மாடியில் பிடிக்கிறீர்கள் என்றால், சாம்பிளைக் கீழே அனுப்பாதீர்கள். பை மேலேயே இருந்து விமானத்தின் எண், உயரம், இடம் என்று பிரித்துவிட்டால் கீழே வருவது சில கிலோபைட்தான், வைஃபை-யே போதும். பழைய பை-யில் ஒரு பொறி உண்டு. மூன்றாவது தலைமுறை வரை அதன் ஈதர்நெட் யூஎஸ்பி-யோடு ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. டாங்கிளிலிருந்து உள்ளே வந்த சாம்பிள் அதே தெரு வழியாகத் திரும்ப வெளியே போக வேண்டும். 2019-இல் வந்த நான்காவது மாடலில்தான் இரண்டும் பிரிந்தன.

சரி, யூஎஸ்பி 3.0 எதற்கு இருக்கிறது, அதை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நண்பர்கள் சொன்னார்கள். பிளேட்ஆர்எஃப், லைம்எஸ்டிஆர் எல்லாம் எஃப்எக்ஸ்3 சிப் வைத்து அப்படித்தான் செய்கின்றன. 512 கிலோபைட் மெமரி, 32 பிட் அகல வாசல், 100 மெகாஹெர்ட்ஸ். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் நாவிக் வரும் அலைவரிசைகளில் இரண்டு: எல்5 என்று 1176.45 மெகாஹெர்ட்ஸ், எஸ் என்று 2492.028 மெகாஹெர்ட்ஸ். யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் ஓடும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்த இரைச்சலைக் கசியவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மவுஸ்கள் இதனால் தடுமாறுவதைப் பற்றி இன்டெல் 2012-லேயே ஒரு அறிக்கை வெளியிட்டது. எஸ் பேண்ட் அந்தச் சாக்கடைக்குப் பக்கத்து வீடு. கடன் வாங்கிய ஒரு ஹேக்ஆர்எஃப்-ஐ எஸ் பேண்டில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த யூஎஸ்பி 3.0 எஸ்எஸ்டி-யில் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தேன். தரைமட்ட இரைச்சல் கண்ணெதிரே எழுந்தது, காப்பி முடிந்ததும் படுத்தது. நல்ல கேபிள், உலோகப் பெட்டி, ஃபெர்ரைட் எல்லாம் போட்டு அடக்கலாம்தான். குறைந்த செலவு என்று ஆரம்பித்துவிட்டு அந்தப் போரில் இறங்க எனக்குத் தெம்பில்லை. பிசிஐஇ பற்றி ஒரே வரி: டிரைவரில் ஒரு தப்பு செய்தால் கணினியே படுத்துவிடும், லேப்டாப்பைத் திறக்கவும் வேண்டும், எனக்கு வேண்டாம்.

கடைசியில் நான் திரும்பி வந்தது பழைய யூஎஸ்பி 2.0-க்குத்தான், அதற்குக் காரணம் ஜிஎன்எஸ்எஸ் சிக்னலின் குணம். அது இரைச்சலுக்கு அடியில் புதைந்து வருகிறது. அதனால் அதற்கு 12 பிட் எல்லாம் அனாவசியம். ஒரே பிட்டில் எடுத்தால் 2 டெசிபல் போலத்தான் நஷ்டம், இரண்டு பிட்டில் அரை டெசிபல். நாவிக் எல்5 பொது சிக்னலுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். அதே 1176.45-இல் ஜிபிஎஸ் எல்5-உம் வருகிறது, அதற்கு 20 வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வானத்தில் செயற்கைக்கோள் எண்ணிக்கை கூடும், ஒப்பிட வசதி. ஐ 2 பிட், க்யூ 2 பிட், நொடிக்கு 2 கோடி சாம்பிள்; சாம்பிளுக்கு ஒரு பைட் என்று தாராளமாக வைத்தாலும் 20 மெகாபைட். மேக்ஸ்2771 சிப்பும் எஃப்எக்ஸ்2-உம் வைத்து இதே வழியில் போகும் பாக்கெட் எஸ்டிஆர் என்ற ஜப்பானியத் திட்டம் ஏற்கெனவே திறந்த வடிவமாக இருக்கிறது, ஆர்டிகேலிப் எழுதிய தோமோஜி தகாசு செய்தது. அதன் நான்கு சேனல் மாடலுக்கு யூஎஸ்பி 3.0 போட்டிருக்கிறார், இரண்டு சேனலுக்கு 2.0 தான்.

எஃப்எக்ஸ்2 போர்டு கிடைப்பது கஷ்டமே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் என்று தீப்பெட்டி அளவில் விற்கிறார்களே, பலவற்றுக்குள் அதுதான். எட்டு கம்பிகளில் மேக்ஸ்2771-இன் ஐ, க்யூ நான்கைப் பிடித்துக்கொண்டன. மீதி நான்கு சும்மா கிடந்தன. அங்கேதான் எனக்கு வேண்டிய ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தேன். 74ஏசி163 கவுன்டர் நான்கைத் தொடராகக் கோத்து, சாம்பிள் கடிகாரத்திலேயே ஓட்டி, 16 பிட் எண்ணிலிருந்து 0, 5, 10, 15 ஆகிய நான்கு பிட்களை மட்டும் அந்தக் கம்பிகளில் இணைத்தேன். ஏன் 0, 1, 2, 3 இல்லை என்றால், அப்படித்தான் முதலில் செய்தேன். அந்த எண் 16-க்கு ஒருமுறை சுழலும். யூஎஸ்பி பாக்கெட் 512. என் நிரலே ஒரு முழு பஃபரைத் தவறவிட்டால் தொலைந்தது எப்போதும் 16-இன் மடங்கு. கவுன்டர் ஒன்றும் நடக்காத மாதிரி தொடரும். மேல் பிட்களும் சேர்ந்தபின் 65536-இன் சரியான மடங்கு தொலைந்தால்தான் ஏமாறும். அதையும் தவிர்க்க பஃபர் அளவை வேண்டுமென்றே 65536-க்கு ஒத்துவராத எண்ணாக வைத்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பதிவோடும் இன்னொரு சின்ன ஃபைல் தானாக உருவாகிறது. எத்தனாவது சாம்பிளில், எத்தனை தொலைந்தது என்று அதில் இருக்கும். பெரும்பாலான இரவுகளில் அது காலி. போன வாரம் ஒரு நாள் மூன்று வரி இருந்தது, யாரோ அந்த லேப்டாப்பில் பென் டிரைவ் செருகிய நேரம். செப்டம்பரில் ஒரு இரவு எட்டே முக்காலுக்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் மட்டும் 12 டெசிபல் இறங்கி ஏறியது, மற்றவை அசையவில்லை. அன்றைய தொலைந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். காலி.